சண்டை லண்டனில், சுவர் செங்கல்பட்டில்

கடற்கரை முதல் செங்கல்பட்டு வரை: தென்புறநகர் வரலாற்றுத் தொடர் – 17

கிறிஸ்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுன் நெரிசலை விட்டு சேலையூர்க் காட்டுக்குக் குடிபெயர்ந்த கதையைச் சென்ற இதழில் பார்த்தோம். 1937 ஜனவரி 30 அன்று ஆளுநர் எர்ஸ்கின் பிரபு தாம்பரம் வளாகத்தைத் திறந்து வைத்தார். அதற்குச் சில மாதங்கள் முன்பு, 26 வயது ஆங்கிலேயப் பாதிரியார் ஒருவர் புது மனைவியோடு சென்னை வந்து சேர்ந்திருந்தார். பெயர் லெஸ்லி நியூபிகின். ஊர், வட இங்கிலாந்தின் நியூகாசில். அனுப்பிய சபையோ ஸ்காட்லாந்துச் சபை. வேலை பார்க்க வேண்டிய இடம் செங்கல்பட்டு, காஞ்சிபுரம் வட்டாரம்.

ஆங்கிலேயரை ஏன் ஸ்காட்லாந்துச் சபை அனுப்பியது, அப்படி வந்தவர் பின்னாளில் பிஷப் ஆனதற்கு லண்டனில் ஏன் கூச்சல் கிளம்பியது என்று புரிய வேண்டுமானால் முந்நூறு ஆண்டுகள் பின்னால் போக வேண்டும். தாம்பரம் தொடரில் இங்கிலாந்து ராஜா கதை எதற்கு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். கொஞ்சம் பொறுங்கள்.

1637 ஜூலை 23, ஞாயிற்றுக்கிழமை. எடின்பரோவின் செயின்ட் ஜைல்ஸ் கோயிலில், முதலாம் சார்லஸ் மன்னர் திணித்த புதிய ஜெப புத்தகத்தை வாசிக்கத் தொடங்கியதும் கலவரம் மூண்டது. கூடை வியாபாரம் செய்த ஒரு பெண் தான் உட்கார்ந்திருந்த முக்காலியைத் தூக்கி வாசித்தவர் தலையைக் குறிவைத்து எறிந்தாள் என்று இன்றும் கதை சொல்கிறார்கள். ஸ்காட்லாந்துக்காரர்களுக்குப் பிஷப்புகள் வேண்டாம். மூப்பர்கள் கூடி நடத்தும் பிரெஸ்பிட்டேரியன் சபைதான் வேண்டும். மன்னருக்கோ பிஷப்புகள் இருந்தால்தான் கோயிலும் கைக்குள் இருக்கும், நாடும் கைக்குள் இருக்கும். முக்காலியில் ஆரம்பித்த தகராறு 1642இல் உள்நாட்டுப் போராக வெடித்தது. 1645இல், மன்னருக்குத் துணை நின்ற தலைமைப் பேராயர் லாட் தலை வெட்டப்பட்டது. 1649இல் மன்னர் தலையே போயிற்று. 1660இல் அவர் மகன் திரும்பி வந்து அரியணை ஏறினார். காற்று திசை மாறியது. ஆங்கிலிக்கன் ஜெப முறைக்கு ஒப்ப மறுத்த சுமார் 2,000 பாதிரியார்கள் 1662இல் சபைகளை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. இந்த அடிதடிக்குத் தப்பிக் கடல் தாண்டி அமெரிக்காவில் குடியேறிய பியூரிட்டன் கூட்டம் ஏற்கெனவே அங்கே ஒரு புது இங்கிலாந்தையே கட்டியிருந்தது. அவர்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மதுரைப் பக்கம் மறுபடி வருவார்கள்.

முக்காலி பறந்த இரண்டே ஆண்டுகளில், 1639 ஆகஸ்டில், கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் பிரான்சிஸ் டே இங்கே கடலோரத்தில் ஒரு துண்டு மணலை வாங்கினார். சென்னைப் பட்டணம் பிறந்த கதை. ஆக, இங்கிலாந்தின் சண்டையும் நம் சென்னையும் ஏறக்குறைய ஒரே வயதுக்காரர்கள். கம்பெனிக் கப்பலில் துணிக்குப் பணமும் பீரங்கியும் வந்ததோடு அந்தச் சண்டையும் சேர்ந்து வந்தது. கோட்டைக்குள் 1680இல் எழுந்த செயின்ட் மேரீஸ் இங்கிலாந்துச் சபையின் கோயில். ஸ்காட்லாந்துக்காரர்களுக்கென்று தனிக் கோயில் எழும்பூரில் 1821இல்தான் வந்தது. செயின்ட் ஆண்ட்ரூஸ் கர்க். அதற்குச் சில வருடம் முன்பு கட்டப்பட்ட செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலுக்கும் இதற்கும் சில கிலோமீட்டர்தான். உள்ளே போகிறவர்களுக்கு இடையே இருந்த தூரம் வேறு.

இதில் அரசியலும் பணமும் உண்டு. இங்கிலாந்துச் சபையின் பிஷப்புகளுக்கும் படைகளோடு இருந்த பாதிரியார்களுக்கும் இந்திய வருவாயிலிருந்தே சம்பளம் போனது. பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் சிப்பாய்களுக்கு ஜெபம் நடத்த, செங்கல்பட்டு விவசாயி கட்டிய கிஸ்தியும் ஒரு பங்கு கொடுத்தது. 1927இல் வந்த சட்டம் இந்திய ஆங்கிலிக்கன் சபையை இங்கிலாந்து அரசுத் தொடர்பிலிருந்து அறுத்துவிட்டது. 1930இல் அது நடைமுறைக்கு வந்தது. சென்னைக்கு யார் பிஷப் என்று லண்டனில் முடிவாகிற வழக்கம் அதோடு முடிந்தது.

மிஷன்கள் தங்களுக்குள் போட்டி வேண்டாமென்று ஜில்லாக்களைப் பங்கு போட்டுக்கொண்டன. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், வாலாஜாபாத் பக்கம் ஸ்காட்டிஷ் மிஷன். திருவள்ளூர், ஈக்காடு பக்கம் மெதடிஸ்ட். பட்டாளம் இருந்த பரங்கிமலையும் பல்லாவரமும் ஆங்கிலிக்கன். இதனால் நேர்ந்த கூத்தைப் பாருங்கள். செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமத்தில் ஞானஸ்நானம் பெற்று வளர்ந்த ஒருவர் பல்லாவரத்தில் வேலைக்கு வருகிறார். அங்கே ஞாயிறு ஆராதனைக்குப் போகிறார். பிஷப் கைவைத்துத் திடப்படுத்தாத ஆள் என்பதால் திருவிருந்து அவருக்குச் சட்டப்படி இல்லை. அவருடைய ஊர்ப் போதகர் வந்தாலும் அந்தப் பீடத்தில் நின்று திருவிருந்து நடத்த முடியாது, அவருக்கும் பிஷப் கை படவில்லை. சார்லஸ் மன்னரையோ லாட் பேராயரையோ கேள்விப்பட்டே இராத இரண்டு தமிழர்கள், அந்த இருவர் போட்ட சண்டைக்காக வாசலில் நிற்கிறார்கள்.

இதைச் சகிக்க முடியாமல் முதலில் வாய் திறந்தவர்கள் இந்தியப் போதகர்கள். 1919 மே மாதத் தொடக்கத்தில் தரங்கம்பாடியில் 33 பேர் கூடினார்கள். இருவர் தவிர மற்றவர்கள் எல்லோரும் இந்தியர்கள். முன்னால் நின்றவர் திருநெல்வேலிப் பக்கத்து வெள்ளாளன்விளையில் பிறந்த வி.எஸ். அசரியா, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய பிஷப். இந்தப் பிரிவினைகள் நாங்கள் உண்டாக்கியவை அல்ல, எங்கள் மேல் வெளியிலிருந்து சுமத்தப்பட்டவை, இனிச் சுமக்க மாட்டோம் என்பது அவர்களுடைய அறிக்கையின் சாரம். ஜாலியன் வாலாபாக் நடந்து மூன்று வாரம்கூட ஆகாத நேரம் அது. பேச்சு சபையைப் பற்றியது என்றாலும் அந்தத் தொனி எங்கிருந்து வந்தது என்று ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டாம். அங்கே தொடங்கிய பேச்சுவார்த்தை முடிய 28 ஆண்டுகள் பிடித்தன.

இனி நியூபிகினிடம் வருவோம். 1909 டிசம்பர் 8 பிறப்பு. அப்பா கப்பல் வணிகர், பிரெஸ்பிட்டேரியன் பக்தர். மகனைப் படிக்கப் போட்டதோ போரே கூடாது என்னும் குவேக்கர் பள்ளியில். பையன் கேம்பிரிட்ஜுக்குப் போன காலத்து இங்கிலாந்து இரண்டாகக் கிழிந்து கிடந்தது. 1926இல் பொது வேலைநிறுத்தம் தோற்றுப் போய், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் பட்டினியில் கிடந்தார்கள். 1929 கோடை விடுமுறையில் நியூபிகின் வேல்ஸின் ரோண்டா பள்ளத்தாக்கில், வேலையிழந்த சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் குவேக்கர்கள் நடத்திய மையத்தில் தொண்டு செய்யப் போனார். அதுவரை கடவுளைப் பற்றித் தீர்மானமாக ஒன்றும் சொல்ல முடியாதவர். அங்கே ஓர் இரவு, வானத்தையும் மண்ணையும் தொட்டு நிற்கும் சிலுவை ஒன்று மனத்தில் தோன்றியது என்று பின்னாளில் எழுதினார். நம்புவதும் நம்பாததும் வாசகர் விருப்பம். அந்தக் கோடைக்குப் பிறகு அவர் வாழ்க்கை தடம் மாறியது என்பது மட்டும் வரலாறு.

கிளாஸ்கோவில் மாணவர் கிறிஸ்தவ இயக்கத்தில் வேலை பார்த்தபோது ஹெலன் ஹெண்டர்சனைச் சந்தித்தார். 1936இல் எடின்பரோவில் குருப்பட்டம். அதே ஆண்டு இந்தியா. வந்த சில மாதங்களிலேயே பஸ் விபத்தில் கால் நொறுங்கியது. ஊருக்குத் திருப்பி அனுப்பி, பல அறுவைச் சிகிச்சைகள் செய்தார்கள். அப்படி அவர் எடின்பரோவில் இருந்த நேரத்தில்தான், உலகம் தாம்பரத்துக்கு வந்துபோனது.

அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. தாம்பரம் என்ற பெயரை நம்மூர் மின்சார ரயில் அட்டவணையில் பார்த்திருப்போம். உலகச் சபை வரலாற்றுப் புத்தகங்களின் பொருளடக்கத்திலும் அது இருக்கிறது. காரணம், 1938 டிசம்பர் 12 முதல் 29 வரை கிறிஸ்தவக் கல்லூரியில் நடந்த உலக மிஷனரி மாநாடு. முதலில் சீனாவின் ஹாங்சோ நகரில் நடப்பதாக இருந்தது. ஜப்பான் படை சீனாவுக்குள் புகுந்ததும் இடம் மாறியது. பெரிய கூட்டத்தைத் தங்கவைக்க வசதியாக, சுண்ணாம்பு வாசனை போகாத ஒரு புதுக் கல்லூரி, கிறிஸ்துமஸ் விடுமுறை, மாணவர் விடுதிகள். இதைவிடத் தோதான இடம் எங்கே? சுமார் 70 நாடுகளிலிருந்து 471 பேர் வந்தார்கள். பாதிக்கு மேல் ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்கச் சபைகளைச் சேர்ந்தவர்கள். அதற்கு முன் நடந்த எந்த உலக மிஷனரி மாநாட்டிலும் இப்படி இல்லை.

ஹிட்லருக்கு செக்கோஸ்லோவாகியாவை அறுத்துக் கொடுத்த மியூனிக் ஒப்பந்தம் ஆகி மூன்று மாதம்தான். அப்படியிருந்தும் ஜெர்மானியரும் பிரிட்டிஷாரும் ஒரே வளாகத்தில் தங்கினார்கள். தன் நாட்டுப் படை குண்டு வீசிக்கொண்டிருக்கையில் ஜப்பானின் கிறிஸ்தவத் தலைவர் ககாவா சீனப் பிரதிநிதிகளோடு ஒரே கூட்டத்தில் உட்கார்ந்தார். தென்னாப்பிரிக்காவிலிருந்து ஆல்பர்ட் லுதுலி என்ற ஜூலு இனத் தலைவர் வந்திருந்தார். பிற்பாடு நிறவெறிக்கு எதிராக ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸை நடத்தி, 1960ஆம் ஆண்டின் அமைதி நோபல் பரிசு பெற்றவர் அவரே.

மாநாட்டுக்குள் நடந்த பெரிய சண்டை வேறு. டச்சு அறிஞர் ஹெண்ட்ரிக் கிரேமர், கிறிஸ்துவின் செய்திக்கும் மற்ற மதங்களுக்கும் இடையே படிக்கட்டு கிடையாது, முறிவுதான் உண்டு என்று வாதிட்டு ஒரு கனமான புத்தகமே எழுதிக்கொண்டு வந்திருந்தார். எதிர்த்தவர் கல்லூரியின் ஓய்வுபெற்ற முதல்வர் ஏ.ஜி. ஹாக். ஆண்டுக்கணக்காக இந்து மாணவர்களோடு தத்துவம் பேசிய மனிதர். அடுத்தவன் விசுவாசத்திலும் கடவுள் வேலை செய்வதைக் கண்ணால் பார்த்தவனுக்கு இந்த வாதம் ஒட்டாது என்பது அவர் கட்சி. வெளியே சென்னையில், பின்னாளில் நகர மேயராகவும் இருந்த தொழிற்சங்கத் தலைவர் வி. சக்கரைச் செட்டியாரும் நீதிபதி பி. செஞ்சையாவும் நண்பர்களும் சேர்ந்து கிரேமருக்கு மறுப்பாக ஒரு நூலே வெளியிட்டிருந்தார்கள். அந்த விவாதம் இன்றும் ஓயவில்லை. நியூபிகின் கிரேமர் பக்கம் சாய்ந்தவர் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். எனக்கு ஹாக் சொன்னதுதான் படுகிறது. வாசகர் தம் கணக்கைத் தாமே போட்டுக்கொள்ளலாம்.

1939இல் நியூபிகின் திரும்பி வந்து காஞ்சிபுரத்தில் குடியேறினார். அங்கே அவர் செய்த காரியங்களில் ஒன்றை நின்று பார்க்க வேண்டும். ராமகிருஷ்ண மடத்தில் துறவிகளோடு தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து படிப்பது. உபநிஷதம் கொஞ்சம், யோவான் சுவிசேஷம் கொஞ்சம். கூடத்துச் சுவரில் உலக ஞானிகளின் படங்கள் வரிசையாகத் தொங்கின. நடுவில் இயேசுவும் இருந்தார். கிறிஸ்துமஸ் அன்று அந்தப் படத்துக்குப் பூஜை நடக்கும். வேறு மிஷனரியாக இருந்தால் ஆஹா என்று பூரித்துக் கடிதம் எழுதியிருப்பார். நியூபிகினுக்கு அது உறுத்தியது. இயேசுவையும் தங்கள் வரிசையில் ஒருவராக உட்கார வைத்தாயிற்று, அவ்வளவுதான் என்று அவருக்குப் பட்டது. நாற்பது ஆண்டுகள் கழித்து இங்கிலாந்தில் உட்கார்ந்து இதையே திருப்பிப் போட்டுக் கேட்டார்: அந்தத் துறவிகள் செய்ததை ஐரோப்பியர்களும் செய்துவிட்டார்களே, விஞ்ஞானமும் சந்தையும் போட்ட சட்டத்துக்குள் இயேசு படத்தை மாட்டிவிட்டார்களே என்று. மடத்துக் கூடத்தில் அவருக்குக் கிடைத்த கண்ணாடியில் கடைசியில் அவருடைய ஊர்தான் தெரிந்தது.

அதே காஞ்சியில் அதே ஆண்டுகளில் இன்னொருவர் இருந்தார். அவரும் 1909இல் பிறந்தவர். நியூபிகினுக்கு மூன்று மாதம் மூத்தவர். 1942இல் அங்கிருந்து ‘திராவிட நாடு’ வார இதழைத் தொடங்கினார். சி.என். அண்ணாதுரை. ஒரே ஊரில் ஒரே வயதில் இரண்டு பேச்சாளர்கள். ஒருவர் தெருமுனையில் சுவிசேஷம் சொன்னார், மற்றவர் மேடையில் சாமி, சடங்கு, சாதி எல்லாவற்றையும் கேள்வி கேட்டார். நாடு காங்கிரஸ், நீதிக்கட்சி, முஸ்லிம் லீக் என்று பல பக்கம் இழுபட்ட காலம். வெள்ளைத்தோல் போட்டுக்கொண்டு தெருவில் நிற்பது அப்போது லேசான வேலையல்ல.

கிராமங்களில் நியூபிகினின் சபையார் பெரும்பாலும் தலித் மக்கள். இந்தப் பக்கத்தில் அதற்கொரு முன்கதை உண்டு. 1890களில் ஸ்காட்டிஷ் மிஷனின் ஆடம் ஆண்ட்ரூ, தலித் குடும்பங்களுக்கு நிலம் வாங்கிக் கொடுத்துச் சிங்கப்பெருமாள்கோயில் பக்கம் மெல்ரோசாபுரம் என்ற குடியிருப்பை உண்டாக்கினார். செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர் பறையர் மக்களின் நிலை பற்றிச் சென்னை அரசுக்கு அறிக்கை கொடுத்ததும், அதைத் தொடர்ந்து 1892இல் பஞ்சமி நில ஆணை பிறந்ததும் அதே காலம். அந்தக் கிராமத்து மனிதருக்கு பிஷப்பா, மூப்பரா என்பது கவலையில்லை. மணியக்காரர் தெருவழியே செருப்புப் போட்டு நடக்க முடியுமா என்பது கவலை.

ஆனால் கமிட்டி அறையில் பிஷப் கேள்விதான் மணிக்கணக்காக ஓடிற்று. பிரெஸ்பிட்டேரியன்களும், ஒவ்வொரு சபையும் தன்னைத் தானே ஆள வேண்டும் என்னும் காங்கிரிகேஷனல்காரர்களும் 1908லேயே சேர்ந்து தென்னிந்திய ஐக்கிய சபை என்று ஆகியிருந்தார்கள். இப்போது அவர்களும், ஆங்கிலிக்கன்களும், மெதடிஸ்டுகளும் ஒரே சபை ஆக வேண்டும். ஐக்கிய சபைக்கு பிஷப் என்றாலே பயம். ஆங்கிலிக்கன்களுக்கோ பிஷப் கை படாத போதகர் போதகரே அல்ல. பேச்சுவார்த்தையின் கடைசி ஆண்டுகளில் ஐக்கிய சபையின் பக்கம் நின்று பேசிய முக்கியமானவர்களில் நியூபிகின் ஒருவர். உடன்பாடு ஒரு விதத்தில் நம் ஊர்ப் பஞ்சாயத்துத் தீர்ப்பு மாதிரியே இருந்தது. இன்றைக்கு யார் யார் போதகரோ அவர்கள் எல்லோரும் போதகர்களே, மறுபடி பட்டம் வேண்டாம். இனிமேல் வருகிறவர்களுக்கு பிஷப் கைவைத்துப் பட்டம் தரட்டும். முப்பது ஆண்டுகள் இப்படிப் போகட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

லண்டனில் இதற்கு எழுந்த எதிர்ப்பு வேடிக்கையானது. எதிர்த்தவர்களில் ஒருவர் கவிஞர் டி.எஸ். எலியட், 1943இல், போர் உச்சத்தில் இருக்கும்போது, தென்னிந்தியத் திட்டத்தைக் கண்டித்துத் தனியே ஒரு சிறு நூல் எழுதினார். மதராஸ் ஜில்லாப் போதகர்கள் ஒன்றாக உட்கார்ந்தால் இங்கிலாந்துச் சபை கெட்டுவிடும் என்று கவலைப்பட அவருக்கு நேரம் இருந்திருக்கிறது. இங்கேயும் எல்லோரும் வரவில்லை. ஆந்திரத்து நந்தியால் பக்கத்து ஆங்கிலிக்கன்கள் சேர மறுத்தார்கள். அசரியா 1945 ஜனவரி 1 அன்று காலமானார். தரங்கம்பாடியில் விதைத்ததன் அறுவடையை அவர் பார்க்கவில்லை.

1947 செப்டம்பர் 27, சனிக்கிழமை. சுதந்திரம் வந்து ஆறு வாரம். வடக்கே பஞ்சாபில் பிணங்களோடு ரயில்கள் வந்துகொண்டிருந்தன. நாடு இரண்டாக வெட்டப்பட்டுக்கொண்டிருந்த அந்த நாளில், செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் மூன்று சபைகள் ஒன்றாகிச் சுமார் பத்து லட்சம் பேர் கொண்ட தென்னிந்தியத் திருச்சபை, நாம் சி.எஸ்.ஐ. என்று சொல்வது, பிறந்தது. தலைமை தாங்கியவர் திருவிதாங்கூர்–கொச்சி பிஷப் சி.கே. ஜேக்கப். அன்றே ஒன்பது புதிய பிஷப்புகள் அபிஷேகம் பெற்றார்கள். அவர்களில் ஒருவர், 37 வயது நியூபிகின்.

அவருக்குக் கிடைத்த இடம் மதுரை–ராமநாதபுரம். முன்பு நினைவில் வைக்கச் சொன்னேனே, அவர்கள் இங்கே வருகிறார்கள். மதுரை மிஷனை 1834இல் தொடங்கியவர்கள் அமெரிக்கக் காங்கிரிகேஷனல்காரர்கள். பிஷப்புகள் தொல்லை பொறுக்காமல் கப்பலேறிய அந்தப் பியூரிட்டன்களின் வாரிசுகள். முக்காலி எறிந்தவர்களின் சபையில் பட்டம் பெற்ற ஒருவர், கப்பலேறி ஓடியவர்களின் சபைக்கு, ஓடவைத்தவர்களின் பதவியோடு போய் உட்கார்ந்தார். மதுரை மக்கள் மாலை போட்டு வரவேற்றார்கள். இங்கிலாந்தில் முந்நூறு வருடம் அவிழாத முடிச்சு ராமநாதபுரம் கிராமங்களில் அவிழ்ந்தது. லண்டனுக்கு அது உடனே புரியவில்லை. 1948இல் கூடிய லாம்பெத் பிஷப்புகள் மாநாடு புதிய சபைக்கு முழு உறவு கொடுக்கவில்லை.

மதுரைக்குப் பின் சில ஆண்டுகள் லண்டன், ஜெனீவா என்று உலக சபை அமைப்புகளில் போயின. அதை இங்கே விட்டுவிடலாம். 1965இல் அவர் சென்னைக்கு பிஷப்பாக வந்தார். அது யோசிக்க வேண்டிய தேர்வு. முந்தியவர் டேவிட் செல்லப்பா, சென்னையின் முதல் இந்திய பிஷப். அவர் 1964இல் மறைந்ததும், சுதந்திரம் வாங்கிப் பதினெட்டு ஆண்டு கழித்து, தமிழ்ச் சபை ஒரு வெள்ளைக்காரரைத் தேர்ந்தெடுத்தது. இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் தமிழகம் எரிந்த அதே 1965. இரண்டு வருடத்தில் காங்கிரஸ் கோட்டை சரிந்தது. காஞ்சியின் அந்த இன்னொரு பேச்சாளர் முதலமைச்சரானார். நல்ல தமிழ் பேசும் இங்கிலீஷ்காரர் என்பது அந்த நேரத்தில் நியூபிகினுக்குக் கைகொடுத்திருக்கும்.

சென்னைப் பேராயத்தின் எல்லையில்தான் நம் தென்புறநகரும் வருகிறது. அது வேகமாக உருமாறிய காலம். கிண்டித் தொழிற்பேட்டை, குரோம்பேட்டை தோல் ஆலை, பெருங்களத்தூர்ப் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார்; வயலை விட்டு வந்தவர்கள் ரயில் பாதையோரம் குடிசை போட்டார்கள். கோயிலுக்குள் இருப்பவர்களை மட்டும் பார்த்துக்கொள்வது பிஷப் வேலையல்ல, நகரம் முழுவதும் சபையின் பொறுப்பு என்று நியூபிகின் அழுத்திச் சொன்னார்; சேரிப் பணியிலும் தொழிலாளர் மத்தியிலும் பேராயத்தை இறக்கினார்.

1974இல் ஓய்வு. ஏறக்குறைய நாற்பது ஆண்டுச் சேவைக்கு யாராவது விமான டிக்கெட் எடுத்துத் தந்திருப்பார்கள். அவரும் ஹெலனும் இரண்டு பெட்டி, ஒரு முதுகுப் பையோடு பஸ் ஏறினார்கள். 64 வயதில், கிடைத்த பஸ்ஸைப் பிடித்துப் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், ஈரான், துருக்கி வழியாக இரண்டு மாதம் போல் பயணம். காலை ஒடித்ததும் பஸ்தான் என்பதை அவர் மறந்திருக்க மாட்டார். வழியில் ஞாயிறுதோறும் கூட ஜெபிக்க ஏதோ ஒரு சபை கிடைத்தது. துருக்கியின் கப்பதோக்கியாவில் மட்டும் கிடைக்கவில்லை. பழைய காலத்தில் பெரிய கிறிஸ்தவ அறிஞர்களை விளைவித்த மண். அங்கே இருவரும் தனியாக ஆராதித்தார்கள்.

ஊர் போய்ச் சேர்ந்தால், ஊர் மாறியிருந்தது. அவர்கள் தங்கியது பர்மிங்காமில், 1968இல் அரசியல்வாதி ஈனக் பவல் குடியேறிகளுக்கு எதிராக விஷம் கக்கிய அதே நகரத்தில். 1980இல், எழுபதை எட்டிய வயதில், மூடப் போகிற நிலையில் இருந்த ஒரு சிறு சபையை நடத்த முன்வந்தார். வின்சன் கிரீன் சிறைச்சாலைக்கு எதிரே. சுற்றிலும் வேலையில்லாதவர்கள், இந்திய, பாகிஸ்தானியக் குடும்பங்கள். தாட்சர் ஆட்சிக் காலம். சுரங்கத் தொழிலாளர்கள் மறுபடி வீதிக்கு வந்தார்கள், ரோண்டாவில் அவர் பார்த்த காட்சி திரும்பவும். இங்கிலாந்தில் உங்களுக்குக் கஷ்டமானது எது என்று கேட்டவர்களுக்கு, நம்பிக்கை காணாமல் போனதுதான் என்று பதில் சொல்வார். சென்னைச் சேரியில்கூட நாளை நன்றாக இருக்கும் என்று ஜனங்கள் நம்பினார்கள், இங்கே அது இல்லை என்பது அவர் கணிப்பு. 1983க்கும் 1989க்கும் இடையில் அவர் எழுதிய மூன்று புத்தகங்கள் இன்றும் உலகமெங்கும் இறையியல் கல்லூரிகளில் பாடம்.

1988 ஜனவரியில், 1938 மாநாட்டின் ஐம்பதாம் ஆண்டையொட்டித் தாம்பரத்தில் மறுபடி ஓர் உலகக் கூட்டம் நடந்தது. கிரேமர்–ஹாக் விவாதம் புது ஆட்களோடு தொடர்ந்தது. நன்றி ஆராதனையில் பிரசங்கம் செய்தவர் நியூபிகின். முதல் மாநாட்டைக் கால் ஒடிந்து தவறவிட்டவருக்கு இரண்டாவதில் மேடை கிடைத்தது.

அவருடைய காலத்தின் கணக்கை எப்படிப் பார்ப்பது? இங்கிலாந்து மூட்டை கட்டி அனுப்பிய சண்டையை 28 ஆண்டில் தீர்த்துவிட்டார்கள். அதில் நியூபிகினின் பங்கு பெரிது. நம் சொந்தச் சண்டை தீரவில்லை. கிறிஸ்தவக் கல்லூரியில் ஒரு விடுதிக்கு பிஷப் ஹீபர் பெயர். 1826இல் திருச்சியில் இறந்த அந்த ஆங்கிலேய பிஷப், சபைக்குள் சாதி வழக்கங்களைச் சற்று விட்டுப்பிடிக்கலாம் என்ற கட்சி. அவருக்குப் பின் வந்த டேனியல் வில்சன் 1833இல் சாதியை அடியோடு விட வேண்டும் என்று உத்தரவிட்டதும் வேப்பேரியிலும் தஞ்சையிலும் ஆட்கள் சபையை விட்டே வெளியேறினார்கள். 1947 ஒப்பந்தத்தில் பிஷப், மூப்பர், திருவிருந்து எல்லாவற்றுக்கும் பக்கம் பக்கமாக விதி இருந்தது. தனிக் கல்லறைத் தோட்டமும், பிஷப் தேர்தலில் சாதிக் கணக்கும் அதற்குப் பிறகும் தொடர்ந்தன. கமிட்டி அறையில் உட்கார்ந்தவர்கள் லண்டனோடு மல்லுக்கட்டிய வேகத்தில் பாதியையாவது இதில் காட்டியிருக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

லெஸ்லி நியூபிகின் 1998 ஜனவரி 30 அன்று லண்டனில் காலமானார்.

1938 மாநாட்டின் படங்களோ கடிதங்களோ, செங்கல்பட்டு ஸ்காட்டிஷ் மிஷன் காலத்துச் சபைப் பதிவேடுகளோ உங்கள் வீட்டுப் பெட்டியில் இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். இதழுக்கு எழுதுங்கள், பிரதி எடுத்துக்கொண்டு திருப்பித் தருகிறோம். அடுத்த இதழில், சேலையூர்க் காட்டில் மரம் வளர்த்த வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸ்.

(தொடரும்)